பிரிஜிட் சிலுவை

கேள்வி: அயர்லாந்தில் பிப்ரவரி பிறக்கும்போது புல்லால் ஒரு சிலுவை பின்னுவார்களாமே? பிள்ளைகளோடு வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. பிப்ரவரி 1, பழைய கேலிக் நாட்காட்டியில் வசந்தத்தின் வாசல், பெயர் இம்போல்க். பிரிஜிட் என்ற பெண் தெய்வத்துக்கும், அதே பெயருடைய கில்டேர் புனிதைக்கும் உரிய நாள். 2023 முதல் அங்கே இதற்குப் பொது விடுமுறையும் உண்டு. தேவாலயத்துக்குப் போகிறவர்களும், பழைய தெய்வங்களை வணங்கும் இன்றைய பேகன்களும் இந்தச் சிலுவையைப் பின்னுகிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

முந்தின நாள் ஈரநிலத்துக் கோரையை அறுக்காமல் கையால் பிடுங்கி வருவது மரபு. நமக்குப் பச்சைக் கோரை போதும். காய்ந்தது என்றால் நன்றாக ஊறவையுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போதே ஒடிந்துவிடும்.

ஒரு தண்டை நிமிர்த்திப் பிடியுங்கள். இன்னொன்றை இரண்டாக மடித்து, முதல் தண்டின் நடுவில் கோத்து வலப்பக்கம் நீட்டுங்கள். மொத்தத்தையும் இடப்புறமாகக் கால்வட்டம் திருப்புங்கள். வலப்பக்கம் நீண்டது இப்போது மேலே நிற்கும். அதன்மேல் அடுத்ததை மடித்து, மறுபடி வலப்பக்கம் நீட்டுங்கள். திருப்பு, மடி, திருப்பு, மடி. நடுவைப் பிடித்த விரல் தளரவே கூடாது. சிறு பிள்ளைகளுக்கு அந்த இடத்தை நீங்கள் பிடித்துக்கொடுங்கள். இருபது தண்டுகளுக்குள் நடுவே அழகான சதுரம் விழும். நான்கு நுனிகளையும் நூலால் கட்டி, ஒரே அளவாக நறுக்குங்கள்.

அங்கே இதை வாசலுக்கு மேலே மாட்டுவார்கள், வீட்டைத் தீ அண்டாது என்ற நம்பிக்கையில்.