பொங்கல் வாரத்தில் சென்னை: தண்டவாளம் போகும் வரை தண்டவாளத்திலேயே போங்கள்

போகிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சென்னையின் சாலைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. கிண்டியிலிருந்து வண்டலூர் போக எவ்வளவு நேரமாகும் என்று கைப்பேசி வரைபடம் காட்டுவதை அந்த வாரத்தில் நம்ப முடியாது. நீங்கள் கிளம்பும்போது ஒரு கணக்கு, பெருங்களத்தூரைத் தொடும்போது இன்னொரு கணக்கு. ஊருக்குப் போகிறவர்கள், ஊரிலேயே இருந்து கோயிலுக்கும் கடைக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள் என இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மின்சார ரயிலோ மெட்ரோவோ போகும் தூரம் வரை அதிலேயே போய்விடுங்கள். மிச்சத்தை நடந்து கடக்க முடியுமா என்று பாருங்கள். பேருந்தும் ஆட்டோவும் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஊருக்குப் போகிறவர்கள். எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்பதை டிக்கெட்டில் இன்றே பார்த்துவிடுங்கள். தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறிவிட்டன. பெங்களூரு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழிப் பேருந்துகள் கோயம்பேட்டில்தான் புறப்படுகின்றன. ஆந்திரப் பேருந்துகளுக்கு மாதவரம். குழப்பம் வருவது பண்டிகைச் சிறப்புப் பேருந்துகளில்தான். தெற்கே போகும் சிறப்புப் பேருந்து சில நேரம் மாதவரத்திலிருந்தும் விடப்படும். ‘எப்போதும் இங்கேதானே ஏறுவோம்’ என்று பழக்கத்தில் கிளம்பிவிடாதீர்கள். ஆம்னிப் பேருந்து என்றால் ஏறுமிடத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கிளாம்பாக்கத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மைத்துனரோ மாமாவோ சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் அவரும் மாட்டிக்கொள்வார். கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ பிடியுங்கள். மெட்ரோவில் வருகிறவர்கள் விமான நிலையம் வரை வந்து பேருந்து ஏறுவதைவிட, கிண்டியிலோ பரங்கிமலையிலோ மின்சார ரயிலுக்கு மாறுவது மேல். முனையத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. மாநகரப் பேருந்து விடுமிடத்திலிருந்து வெளியூர்ப் பேருந்து நிற்கும் நடைமேடைக்கு நல்ல நடை இருக்கிறது. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் இந்த நடைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எழும்பூரில் புறப்படும் தென்னக ரயில்கள் பல தாம்பரத்திலும் நிற்கின்றன. புறநகரில் இருந்துகொண்டு எழும்பூர் வரை போய்த் திரும்புவானேன்? ஏறும் நிலையத்தைத் தாம்பரத்துக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

போகி அதிகாலையில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்தால் எதிரில் வரும் வண்டி தெரியாது. 2018 போகியன்று விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. புகையில் சாலை வண்டி ஊர்ந்துதான் போகும். மெட்ரோ ஓடத் தொடங்கும் நேரம் உங்களுக்குத் தோதாக இருந்தால் அதுவே நல்ல வழி. அதற்கு முன்பே போக வேண்டுமென்றால் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம்.

இனி ஊரில் இருக்கிறவர்கள். தியாகராய நகரில் கடைசி நேரத் துணி வாங்கப் போகிறீர்களா? மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து வாங்கக் கோயம்பேடு சிறப்புச் சந்தைக்கு மெட்ரோவில் போவது சுலபம்தான். ஆனால் திரும்பி வருகையில் ஆளுயரக் கரும்புக்கட்டைப் பாதுகாப்புச் சோதனை எந்திரத்துக்குள் எப்படி நுழைப்பீர்கள்? பூவும் காய்கறியும் அங்கே வாங்குங்கள், கரும்பைத் தெருமுனையில் வாங்கிக்கொள்ளுங்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்தால் நந்தனம் மெட்ரோவில் இறங்குங்கள். அண்ணா சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தில் இரண்டு வரிசை அரங்குகளைப் பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும் விடக் கடினமான நாள் காணும் பொங்கல். ஜனவரி 16 அல்லது 17இல் வரும் அந்த நாளில் பிற்பகலுக்கு மேல் காமராஜர் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். பேருந்து எங்கே நிற்கும் என்று நடத்துநருக்கே தெரியாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் பகுதிகளில் நிறுத்தங்கள் வேறு ஏற்கெனவே இடம் மாறிக் கிடக்கின்றன. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில்தான் போக வேண்டும். அண்ணா சமாதிப் பக்கம் போகிறவர்களுக்குச் சேப்பாக்கம், காந்தி சிலைப் பக்கம் போகிறவர்களுக்குக் கலங்கரை விளக்கம், நடுவில் திருவல்லிக்கேணி. தாம்பரம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறலாம். பெயரைப் பார்த்து அங்கேயே இறங்கி மணலைத் தேடும் வெளியூர் விருந்தாளிகள் ஆண்டுதோறும் உண்டு. அந்த நிலையத்துக்கு எதிரில் இருப்பது துறைமுகம். வீட்டுக்கு வந்திருக்கும் உறவினரைத் தனியே அனுப்பினால் இதை இரண்டு முறை சொல்லி அனுப்புங்கள். மெட்ரோக்காரர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாக நடக்கலாம், சுமார் அரைமணி நேரம்.

போவது எளிது, திரும்புவதுதான் பாடு. இருட்டியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். அதனால் போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். இரவு ஏழு மணிக்குச் சேப்பாக்கம் கவுன்ட்டர் வரிசையில் குழந்தையோடு நிற்கும் கொடுமை வேண்டாம். சூரியன் மறையும் முன்பே கிளம்புங்கள், அல்லது கூட்டம் கலையும் வரை சுண்டல் தின்றுகொண்டு மணலிலேயே உட்கார்ந்திருங்கள். இரண்டுக்கும் நடுவே கிளம்புவதுதான் தப்பு. ஆனால் கடைசி ரயிலை நம்பி உட்காராதீர்கள். பொங்கல் விடுமுறையில் மின்சார ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடுவது வழக்கம். இடைவெளி அதிகமாக இருக்கும். கடலில் இறங்கப் போலீசார் விடமாட்டார்கள், குழந்தைகளுக்கு அதைச் சொல்லியே கூட்டிப் போங்கள். பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைப் போலீசாரே குழந்தையின் கையில் கட்டிவிடுவார்கள். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கூட்டம் பிடிக்காதென்றால் வேறெங்கே? வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ரயில் உண்டு, கூட்டமும் உண்டு. கிண்டிச் சிறுவர் பூங்காவும் அப்படியே. பெசன்ட் நகருக்கு ரயில் கிடையாது, திருவான்மியூரில் இறங்கிப் பேருந்துதான். என்னைக் கேட்டால் காணும் பொங்கலன்று உறவினர் வீடுதான் உத்தமம்.

கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். ஆனால் அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடும்போது சிக்னல் படுத்துவிடும். டிக்கெட்டை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுங்கள், அல்லது சிங்காரச் சென்னை அட்டையில் பணம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான், சொகுசுப் பேருந்தில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாதாட வேண்டாம். ரயிலில் உதவிக்கு 139, மகளிர் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112.

ஊரிலிருந்து திரும்பும் நாளுக்கும் ஒரு வழி இருக்கிறது. விடுமுறை முடியும் இரவில் செங்கல்பட்டு தாண்டியதும் பேருந்துகள் நத்தையாகிவிடும். ஆனால் அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று தண்டவாளம் சாலையை ஒட்டியே வருகிறது. கைப்பையோடு மட்டும் வருகிறவராக இருந்தால், முதல் மின்சார ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, நடத்துநரிடம் சொல்லி இவற்றில் ஒன்றில் இறங்கிவிடுங்கள். பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த பச்சரிசி மூட்டை இருந்தால் இறங்க வேண்டாம், கிளாம்பாக்கம் வரை தூங்கிக்கொண்டே வாருங்கள். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.