இரண்டு பேப்பர், ஒரு கட்டில்

அன்புள்ள பாப்பா,

நீ வண்ணப் பென்சிலில் வரைந்து அனுப்பிய இதயத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. "அனாட்டமி பிடிக்குது சித்தி, எலக்ட்ரோலைட்தான் வெறும் நம்பரா இருக்கு" என்ற புலம்பலையும் படித்தேன். இரண்டையும் வேறு வேறு பேப்பராகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். வார்டில் இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருக்கும். சேர்த்தே படி.

முதலில், படம் வரைந்தது போதும். கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்றை வெட்டாமல், மேலே உள்ள குழாய்களோடு முழுசாகக் கேட்டு வாங்கு. மேல்பெருஞ்சிரை வழியாக விரலை விட்டால் வலது ஆரிக்கிளுக்குள் போகும், அங்கிருந்து கீழே வலது வென்ட்ரிக்கிள். இரண்டு வென்ட்ரிக்கிள் சுவரையும் விரலால் அழுத்திப் பார். நுரையீரல் வரை மட்டும் தள்ளும் வலது பக்கம் தளர்ந்திருக்கும். உடம்பு முழுவதற்கும் தள்ளும் இடது பக்கம் தடித்துக் கெட்டியாக இருக்கும். நறுக்கித் திறந்தால் வால்வின் ஓரங்களைப் பிடித்து நிற்கும் வெள்ளை நாண்கள் தெரியும். இதையெல்லாம் தொட்டவர்களுக்கு மைட்ரல் வால்வு எந்தப் பக்கம் என்ற சந்தேகம் பிறகு வராது.

ஆனால் துடிப்பைத் தொடங்கும் எஸ்.ஏ. நோடு கண்ணுக்குத் தெரியாது. மேல்பெருஞ்சிரை ஆரிக்கிளோடு சேரும் இடத்தில் தசையோடு தசையாக ஒளிந்திருக்கும். 1907இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் அதை வெளியிட்டார்கள். ஃபிளாக் அப்போது உன்னைப் போல மாணவர்தான், மருத்துவ மாணவர். மைக்ராஸ்கோப்பில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அகழெலியின் இதயம்.

அந்த நோடு எதை வைத்துத் துடிக்கிறது? இங்கேதான் உன் 'வெறும் நம்பர்' உள்ளே வருகிறது. லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளை இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்து, 1882இல் அதைப் பற்றி எழுதினார். பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் துடிப்பு சீக்கிரமே சோர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை வேலை செய்திருக்கிறது. மறு வருஷமே தன் பழைய கட்டுரையைத் திருத்தி வெளியிட்டார் மனிதர். நீ தினமும் மாட்டுகிற ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட் பாட்டில், அந்தக் கரைசலின் வாரிசு. 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். அடுத்த முறை மாட்டும்போது லேபிளை முழுசாகப் படி.

இப்போது பொட்டாசியம். செல்லுக்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லி ஈக்விவலன்ட், வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உள்ள பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து இந்த இடைவெளியைக் காக்கிறது. 1957இல் நண்டின் நரம்பை வைத்து இந்தப் பம்பைக் கண்டு சொன்ன யென்ஸ் ஸ்கவுவுக்கு 1997இல்தான் நோபல் வந்தது!

ஒரு கணக்குப் போட்டுப் பார். 60 கிலோ உள்ளவரின் பிளாஸ்மா சுமார் இரண்டரை லிட்டர். லிட்டருக்கு 4 என்றால் அதில் மொத்தமே 10 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம்தான். நம் ஊர் 15 சதவீத கே.சி.எல். 10 மில்லி ஆம்பூலில் இருப்பது 20. பிளாஸ்மா முழுவதிலும் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, உன் உள்ளங்கையில். அதை நேராக ஊசியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலந்து, நன்றாகக் குலுக்கி, மெதுவாகத்தான் போக வேண்டும். பெரியவர்களுக்குச் சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்பது வழக்கமான எல்லை. டாக்டரே அவசரத்தில் "புஷ் பண்ணுங்க சிஸ்டர்" என்றாலும் செய்யாதே. பார்ப்பதற்கு டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் மாதிரியே இருக்கும், ஒரே டிரேயில் வைக்காதே.

பொட்டாசியம் ஏறினால் ஈசிஜியில் முதலில் டி அலை கூர்மையாக எழும்பும், பி அலை தட்டையாகி மறையும், கியூ.ஆர்.எஸ். அகலும். செல்லுக்குள்ளும் வெளியிலும் உள்ள மின் வித்தியாசம் குறைந்து, சோடியம் வாசல்கள் சரியாகத் திறக்காததால் வரும் மந்தம்தான் அந்தக் கடைசி இரண்டும். அப்போது கால்சியம் குளுக்கோனேட் கேட்பார்கள். அது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது, இதயத் தசையைத்தான் காக்கும். குறைக்கும் வேலை இன்சுலின்-டெக்ஸ்ட்ரோஸுக்கும் டயாலிசிஸுக்கும் உரியது. ரிங்கரின் தவளை ஞாபகம் இருந்தால் இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூட்டுவாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன அம்மாக்களை நிறையப் பார்ப்பாய். அவர்களுக்குக் கொடுக்கும் லேசிக்ஸ் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இறக்கிவிடும். குறைந்த பொட்டாசியத்தில், கூடவே கொடுக்கும் டிகாக்சின் நஞ்சாகும், ஏனென்றால் இரண்டும் அதே பம்பில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அதனால்தான் டிகாக்சின் கொடுக்கும் முன் இதய நுனியில் ஒரு நிமிஷம் முழுக்க எண்ணச் சொல்கிறார்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்துக் கட்டிலில் சிறுநீரகம் பழுதான தாத்தாவுக்கு உறவினர்கள் பொட்டாசியம் நிறைந்த இளநீரோடு வந்திருப்பார்கள். அங்கே அது கூடாது என்று சொல்கிற பொல்லாத்தனமும் உன் வேலைதான்.

ரத்தம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பாடத்தில் சுருக்கமாகத்தான் இருக்கும். ஊதா மூடி டியூபில் உள்ள இ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து ஊற்றினால் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியும் கால்சியம் தரையில் இறங்கியும் ரிப்போர்ட் வரும். டிரிப் ஓடும் கையில் எடுத்தாலும், டூர்னிக்கேவை நெடுநேரம் கட்டி முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும் தப்பான நம்பர்தான். லேபிலிருந்து 7.1 என்று போன் வந்தால் எந்தக் கை, எந்த டியூப் என்று விசாரி. ஆனால் "ஹீமோலைஸ் ஆகியிருக்கும்" என்று நீயே தீர்ப்பு எழுதாதே. மானிட்டரை மாட்டு, ஈசிஜி எடு, டாக்டரைக் கூப்பிடு, அதற்குப் பிறகு மறு சாம்பிள்.

சோடியத்தை அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறேன், அது பெரும்பாலும் தண்ணீரின் கதை. இதயம் வாங்கும் அன்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, சமைத்துவிடப் போகிறாள்.

அன்புடன்,
சித்தி