நீல வீக்கம் கிரகணத்தால் வருவதா?



சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே கையிலோ காலிலோ முகத்திலோ நீலமாய், மெதுமெதுவென்று ஒரு வீக்கம் இருக்கும். "வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு கிரகணத்துல வெளிய போனா, அதான்" என்று லயத்தில் தாயைத்தான் குறை சொல்வார்கள். இது சரியா? இம்முறை அதைப் படிப்போம்.

உடம்பிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்தான் நாளம். பேச்சில் "பச்சை நரம்பு" என்கிறோம். கருத்தரித்த 3ஆம் வாரத்திலேயே இரத்தக் குழாய்கள் உண்டாகத் தொடங்கும். 4ஆம் வாரத்தில் கருவில் 3 சோடி நாளங்கள் இருக்கும். ஒரு சோடி மஞ்சட்கருப் பையிலிருந்தும், ஒரு சோடி நச்சுக்கொடியிலிருந்தும், ஒரு சோடி கருவின் உடம்பிலிருந்தும் இதயத்துக்கு வரும்.

பிறகு தேவையற்றவை மறைந்துவிடும். மலையில் புது ரோட்டு போட்டதும் பழைய குறுக்குப் பாதையில் புல் மூடுவது போலத்தான். தொப்புள் நாளங்கள் இரண்டில் வலது மறையும். இடதுதான் பிறக்கும்வரை தாயிடமிருந்து வரும் சத்தையும் ஒட்சிசனையும் பிள்ளைக்குக் கொண்டுவரும். பிறந்தபின் அதுவும் மூடி நார் போலாகும்.

இந்த வேலையில் சில நேரம் பிசகு வரும். மறைய வேண்டிய நாளம் அப்படியே நின்றுவிடலாம்; அதில் பெரும்பாலும் தொல்லையில்லை. வேறு சிலருக்கு ஓரிடத்தில் நாளங்களின் சுவர் சரியாக அமையாமல் விரிந்துபோகும். அதுதான் அந்த நீல வீக்கம். கரு வளரும்போது சில கலங்களின் பரம்பரை அலகில் உண்டாகும் மாற்றமே பெரும்பாலும் காரணம். கிரகணமுமில்லை, தாய் சாப்பிட்டதுமில்லை.

அமுக்கினால் சுருங்கும், பிள்ளை அழுதால் புடைக்கும். பிள்ளையோடு சேர்ந்து வளருமே தவிர, தானாக மறையாது. பிறந்து சில வாரத்தில் தோன்றும் சிவந்த தடிப்பு வேறு. அது முதல் வருடத்தில் வளர்ந்து, பிறகு மெல்ல வற்றும். இரண்டையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. சூடு போடுவதோ, கீறுவதோ, நூல் கட்டுவதோ கூடாது. இரத்தம் நிற்காமல் போகலாம்.

2. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

3. வீக்கம் கட்டியாகி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம்.

4. கண், வாய், தொண்டைப் பக்கம் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் பெருத்தாலோ தாமதிக்க வேண்டாம்.

ஊசி மருந்து, இறுக்கமான காலுறை, தேவையானால் ஒபரேசன் என்று வைத்தியம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ மிட்வைப் அம்மாவிடமோ காட்டி, துண்டு வாங்கிச் செல்லுங்கள்.

தாயை ஏசுவதை விடுவோம். பிள்ளையை நேரத்தோடு காட்டுவோம்.