இழைப்பு மெஷினும் இடுப்பும்

வீட்டுப் பின்கட்டில் சின்னதாக மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறீர்களா? இழைப்பு மெஷினை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டியிருக்கும். "ஒரு கை பிடிப்பா, தூக்கிடலாம்" என்று பையனைக் கூப்பிடுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பிக்கிறது வினை.

குனிந்து தூக்கி, அப்படியே உடம்பைத் திருப்பும்போது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஓர் ஆள் தூக்க 23 கிலோதான் வரம்பு என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் 1991-ம் வருடக் கணக்கு. பெரிய மெஷினோ நூறு கிலோவைத் தாண்டும்.

அதனால் தூக்காதீர்கள், உருட்டுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிடுங்கள். 5 அடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து 5 அங்குலத்தில் கட்டையை முட்டுக் கொடுத்து மறுமுனையை அழுத்தினால் உங்கள் பலம் 11 மடங்கு! மெஷின் எழும்பியதும் ஆப்பைச் செருகுங்கள் (விரலை அல்ல). கால் வைத்த மெஷின் என்றால் அடியில் இரண்டு நீளக் கட்டைகளை போல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கீழே ஒரே பருமனில் நான்கு இரும்புக் குழாய்கள். பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். இழுக்க வேண்டாம்; தள்ளுங்கள். பட்டை ரம்ப மெஷினுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. கவிழ்ந்தால் தாங்கப் போகாதீர்கள், விலகிவிடுங்கள். மெஷினை ரிப்பேர் செய்துகொள்ளலாம்.

மீறிப் பிடித்துக்கொண்டால்? சாதாரணப் பிடிப்புக்கு நொச்சி இலை ஒற்றடம் இதமாக இருக்கும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ, சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், தைலம் தேடாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.