குதிரையோடு ஓர் இரவு



கிள்ளான் வட்டாரத்தில் புக்கிட் கூடா என்றோர் இடம் உண்டு. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. கூடா என்பது குதிரை. ஆகவே அதனை நாம் 'குதிரைக் குன்று' என்று தமிழில் வழங்கலாம். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதை அந்தப் புக்கிட் கூடாவில்தான் வந்து முடிந்தது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மெல்ல மெல்ல விடைபெற்று, புகைவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் வழிவிட்ட காலத்தின் தொடக்கம் அது. குதிரை சாலையை விட்டுப் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் குன்றின்மேல் நின்றுவிட்டது.

எனினும் குதிரை நமக்கு அந்நியமான விலங்கு அன்று. தோட்டப்புறத்துக் காவல் தெய்வக் கோயில்கள் பலவற்றின் முன்னே சுதையால் செய்த குதிரை கம்பீரமாக நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். இரவில் சாமி அதன்மீது ஏறி எல்லையைச் சுற்றி வருவார் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் வானளாவி நிற்கும் நிலம், முன்னாளில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலமே. 1896இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் குதிரைகள் நெடுங்காலம் அங்கேதான் ஓடின.

சுதைக் குதிரைக்குப் பசியில்லை, உறக்கமும் இல்லை. உயிருள்ள குதிரைக்கு இரண்டும் உண்டு. வீட்டையும் லாயத்தையும் விட்டு நெடுவழி சென்ற ஒருவன், பொழுது சாய்ந்தபின் தன் குதிரையோடு ஓரிடத்தில் தங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? இதுவே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகும் பொருள்.

பாண்டிய நாடு கற்ற பாடம்

தமிழர் குதிரையைக் கடல்கடந்து வரவழைத்தவர்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை என்னும் சங்க நூல் குறிப்பிடுகிறது. மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாதார் நம்மில் யார்? பாண்டியன் குதிரை வாங்குவதற்கென்று கொடுத்தனுப்பிய பொன்னை அவர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தார். பகலில் குதிரைகளாய்க் கட்டப்பட்டவை இரவில் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டு ஓடின என்பது திருவிளையாடற் கதை. மன்னன் பகலில் கண்டது ஒன்று. லாயத்தில் இரவு காட்டியது மற்றொன்று.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ ஒரு வருந்தத்தக்க செய்தியை எழுதி வைத்தார். அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்பதே அச்செய்தி. காரணம் யாது? குதிரையைப் பேணத் தெரிந்த ஆட்கள் அங்கு இல்லை என்கிறார் அவர். புல் தின்னும் விலங்குக்கு இறைச்சி கலந்த சோற்றைக் கொடுத்தனர் என்றும் குறிக்கிறார். எண்ணிக்கையில் சிறிது மிகை இருக்கலாம். ஆயினும் அதில் அடங்கிய உண்மை தெளிவானது. பொன் கொடுத்தால் குதிரையை வாங்கலாம். குதிரையைக் காப்பாற்றும் அறிவைப் பொன்னால் மட்டும் வாங்க இயலாது.

குதிரை எவ்வாறு உறங்குகிறது?

குதிரையின் குணம் அறிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பர் நம் பெரியோர். இயற்கை நூலார் கூறுவதும் நமக்கு வியப்பளிக்கும். குதிரை எதிர்த்துப் போரிடும் விலங்கு அன்று. ஓடித் தப்பும் விலங்கு. அதனால்தான் அது நின்றபடியே கண்ணயர வல்லது. அதன் கால் மூட்டுகளைத் தசைநார்கள் பூட்டிட்டதுபோல் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, மற்ற மூன்று கால்களில் அது இளைப்பாறும்.

ஆனால் ஆழ்ந்த உறக்கம் வேண்டுமாயின் குதிரை படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் அது உறங்கும் நேரம் ஏறத்தாழ மூன்று மணிதான். அதிலும் அரைமணி அல்லது அதற்குச் சற்று மிகுந்த நேரமே படுத்து ஆழ்ந்து உறங்கும். அஞ்சிய குதிரை படுக்காது. பல இரவுகள் தொடர்ந்து படுக்காத குதிரை, நிற்கும்போதே உறக்கம் மேலிட்டு முழங்கால் மடிந்து விழுவதும் உண்டு. கூட்டமாக இருக்கையில் சில படுத்திருக்க ஒன்றேனும் நின்று காவல் காக்கும். தனித்த குதிரைக்கு அக்காவலன் யார்? உடன் சென்ற மனிதனே.

இடம் தேர்தல்

பொழுது இருக்கும்போதே தங்குமிடத்தைத் தேர்ந்துவிட வேண்டும். ஆற்றங்கரையின் பள்ளம் அழகாகத் தோன்றும். ஆனால் நம் நாட்டில் மலைப்புறத்தில் பெய்த மழை, நாம் இருக்குமிடத்தில் ஒரு துளியும் விழாத வேளையிலேயே வெள்ளமாய் வந்து சேரும். 1971 சனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளத்தை முதியோர் இன்றும் மறக்கவில்லை. ஆகவே சற்று மேடான, நீர் தேங்காத நிலமே தக்கது.

மேலே நோக்குதலும் வேண்டும். காய்ந்த கிளையுள்ள ரப்பர் மரத்தின் அடியும், காய்த்த டுரியான் மரத்தின் அடியும் மனிதனுக்கும் ஆகா, குதிரைக்கும் ஆகா.

பிறகு தரையை நோக்க வேண்டும். கோயிலில் நாம் பூப்பறிக்கும் அரளி, குதிரைக்குக் கொடிய நஞ்சு. சில இலைகளே அதன் உயிரை மாய்க்கும். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் இன்னொன்றையும் அறிவர். களைக்கொல்லி தெளித்த நிலத்துப் புல் முதல் நாளில் பச்சையாகவே இருக்கும்; பார்வைக்கு எவ்வேறுபாடும் தோன்றாது. மருந்து தெளித்த கைகளே அந்நிலத்தை அறியும். உரச்சாக்குக் கிடக்கும் இடமும் அத்தகையதே. உப்பை விரும்பும் விலங்கு அதனை நக்கிவிடக்கூடும். ஆதலால் அறியாத தோட்டத்தில் தங்குவோர், அங்கு வேலை செய்வோரைக் கேட்டபின்னரே குதிரையை மேயவிட வேண்டும்.

நீரும் தீனியும்

ஓய்வாக இருக்கும் குதிரைகூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 40 லிட்டர் வரை நீர் பருகும். நம் வீடுகளில் முன்பு தண்ணீர் சுமந்த மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும். அவ்வாறாயின் இரண்டு தகரம் நீர் வேண்டும். வெயிலில் உழைத்த நாளில் அதற்கு மேலும் வேண்டும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் சிறிது உப்பும் தேவை.

குதிரையின் உடல் பெரிது, இரைப்பையோ சிறிது. மாட்டைப்போல் ஒருமுறை தின்று பின் அசைபோட அதனால் இயலாது. தின்றது ஒவ்வாதாயின் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே தீனியைச் சிறிது சிறிதாக, பலமுறை தர வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர்ந்த புல் வேண்டும். கொள்ளு முதலிய தானியம் அளவோடு இருத்தல் நன்று. களைத்து வந்த குதிரைக்குப் பரிவு காட்டுவதாக எண்ணி ஒரே வேளையில் தானியத்தைக் குவித்தால், வயிற்றுச் சூலை கண்டு விடிவதற்குள் மாண்டுபோகவும் கூடும். அளவறியாத அன்பும் தீங்கு செய்யும் என்பதற்கு இது சான்று.

வசதியும் எளிமையும்

குதிரையோடு தங்குவதில் இருவகை உண்டு. ஒன்று, லாயம் உள்ள இடத்தில் வசதியாகத் தங்குவது. பன்னிரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள அறை, உலர்ந்த வைக்கோல் அல்லது மரத்தூள் பரப்பிய தரை, காற்றோட்டம் ஆகியவை இருந்தால் குதிரை அச்சமின்றிப் படுக்கும். ஆனால் நான்கு புறமும் அடைத்த லாயம் நம் நாட்டு வெப்பத்தில் சிறையாகிவிடும். சிறுநீரின் நெடி அதன் மூச்சுக்குக் கேடு செய்யும்.

மற்றொன்று, வெட்டவெளியில் எளிமையாகத் தங்குவது. இதற்கு வேண்டியவை ஒரு வலிய கயிறு, ஒரு வாளி, விழித்திருக்கும் மனிதன் ஆகியவையே. இரு மரங்களுக்கு இடையே குதிரையின் தலைக்கு மேலான உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். மரப்பட்டை அறுபடாதிருக்க அகலமான துணிப்பட்டையைச் சுற்றுதல் நலம். அக்கயிற்றிலிருந்து குதிரையைப் பிணைக்கும் கயிறு, அது படுப்பதற்குப் போதுமான நீளமும், அதன் கால் மாட்டிக்கொள்ளாத குறுக்கமும் உடையதாக இருக்க வேண்டும். நுனியை இழுத்தவுடன் அவிழும் முடிச்சையே போட வேண்டும். முள்வேலியில் கட்டுதல் கூடவே கூடாது. இரண்டு குதிரைகள் இருப்பின் ஒன்றையொன்று பார்க்கலாம், உதைக்க எட்டக்கூடாது.

இரவில் அதனை நெருங்குவோர் முதலில் குரல் கொடுத்து, தோள்புறமாக வர வேண்டும். கைவிளக்கைத் திடீரெனக் கண்ணில் அடித்தல் ஆகாது. இருளில் அதன் கண் நம் கண்ணைவிட நன்றாகக் காணும். ஆனால் ஒளியிலிருந்து இருளுக்குப் பழக அதற்கு நெடுநேரம் பிடிக்கும்.

இன்றும் காணலாம்

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிட்டதன்று. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் அருகே குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் புகழ்பெற்ற குதிரைச் சந்தை கூடுகிறது. மார்வாரி, கத்தியவாரி முதலிய இனக் குதிரைகளோடு வருவோர், சந்தை முடியும்வரை அவற்றை விட்டுப் பிரியாமல் அங்கேயே தங்குகின்றனர்.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு திரெங்கானு மாநிலத்தில் உலக நெடுந்தொலைவுக் குதிரைப் போட்டி நடைபெற்றது. தொலைவு 160 கிலோமீட்டர். இத்தகைய போட்டியில் குதிரை இடையிடையே நிறுத்தப்பட்டு மருத்துவரால் சோதிக்கப்படும். குறித்த நேரத்திற்குள் அதன் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 64 என்னும் அளவுக்குத் தணிய வேண்டும் என்பது அவற்றின் பொதுவிதி. தணியாவிடில், ஏறியவர் எத்துணைப் பெரியவராயினும் பயணம் அங்கேயே முடிந்தது. வாயில்லா விலங்கின் சொல்லே அங்கு இறுதித் தீர்ப்பு.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

முதலில் சேணத்தை இறக்கி முதுகைத் தடவிப் பார், குளம்பில் கல் சிக்கியுள்ளதா என்று நோக்கு, நீர் காட்டு, புல் இடு. அதன்பின் உன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரி. குதிரையோடு தங்குவோர்க்கு இதுவே முறை. இரவில் எவ்வளவு வசதியாகப் படுத்தோம் என்பதன்று கேள்வி. நம்மை நம்பிய உயிர் அச்சமின்றிப் படுத்ததா என்பதே கேள்வி. விடியலில் குதிரையின் விலாவில் வைக்கோலோ மண்ணோ ஒட்டியிருந்தால் மகிழலாம். அது படுத்து உறங்கியது என்பதற்கு அதுவே அடையாளம்.

பாண்டிய மன்னரின் பொன் செய்யாததை, பெயர் அறியப்படாத எத்தனையோ குதிரைக்காரர்களின் கைகள் செய்துள்ளன. புல்லின் தரத்தை முகர்ந்தறிவதும், முடிச்சுப் போடுவதும், வானத்தைப் பார்த்து மழை சொல்வதும் கல்வியே. அக்கல்வி நம் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் நிறைய உண்டு. அதனைக் கேட்டுக் கற்போமாக!

பயிற்சி

1. குதிரைக்குத் தீனியை ஏன் சிறிது சிறிதாகத் தர வேண்டும்?

2. பாண்டிய நாட்டில் குதிரைகள் மாண்டதற்கு மார்க்கோ போலோ கூறிய காரணம் யாது?

3. உங்கள் தாத்தா அல்லது பாட்டி வளர்த்த மாடு, ஆடு முதலிய விலங்கை இரவில் எவ்வாறு காத்தார் என்று கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.