வானொலி அலைகள் மூட்டும் நெருப்பு

இஸ்திரிப் பெட்டி எப்படிச் சூடாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனுள் உள்ள கம்பிச் சுருள் மின்னோட்டத்துக்குத் தடையாக இருக்கிறது. அதனால் வெப்பம் பிறக்கிறது. இதே முறையில் சூரியனின் மையத்தைவிட அதிக வெப்பத்தை உண்டாக்க முடியுமா?

இப்படி ஒரு வெப்பம் எதற்கு என்று கேட்பீர்கள். டியூட்டிரியம், டிரிட்டியம் ஆகிய இரண்டும் ஹைட்ரஜனின் வகைகள். இவற்றின் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்தால் ஏராளமான ஆற்றல் வெளிப்படும். இதுவே அணுக்கரு இணைவு. ஆனால் அணுக்கருக்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். விலக்கலை மீறி அவை நெருங்க, பூமியில் நாம் அமைக்கும் கருவியில் ஏறத்தாழ 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை. சூரியனின் மையத்தில் இருப்பதோ 1.5 கோடி டிகிரிதான்!

அந்த வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அணுக்களைவிட்டுப் பிரிந்துவிடும். அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த இந்நிலையே பிளாஸ்மா. இதை எந்தப் பாத்திரமும் தாங்காது. எனவே உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள கலத்தினுள், சுவரில் படாதவாறு காந்தப்புலத்தால் நிறுத்திவைக்கிறார்கள். இக்கருவிக்கு டோக்கமாக் என்று பெயர்.

டோக்கமாக்கில் பிளாஸ்மா கட்டுக்குள் நிற்க, அதன் வழியே பெரும் மின்னோட்டமும் பாய வேண்டும். இதற்கு மின்மாற்றி முறை பயன்படுகிறது. வடையின் துளையில் முதன்மைச் சுருள் இருக்கும். பிளாஸ்மாவே துணைச் சுருள். இந்த மின்னோட்டம் பிளாஸ்மாவைச் சூடாக்கவும் செய்கிறது.

ஆனால் இங்கே இரண்டு இடையூறுகள் உள்ளன. உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். பிளாஸ்மாவில் இது தலைகீழ். வெப்பநிலை 10 மடங்கானால் மின்தடை ஏறத்தாழ 30-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே சூடு ஏற ஏற இஸ்திரிப் பெட்டி முறை பலனற்றுப் போகிறது. இது முதல் இடையூறு. முதன்மைச் சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான் மின்மாற்றி வேலை செய்யும். அதை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போக முடியுமா? ஓர் எல்லையில் நிறுத்தத்தான் வேண்டும். இது இரண்டாவது.

இரண்டுக்கும் வழிகாட்டுபவை வானொலி அலைகளும் நுண்ணலைகளும்.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். மின்னூட்டமுள்ள துகள்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும். 1 டெஸ்லா புலத்தில் எலெக்ட்ரான் ஒரு நொடியில் சுமார் 2,800 கோடி முறை சுற்றும். டியூட்டிரியம் அயனி சுமார் 76 இலட்சம் முறை சுற்றும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைய தள்ளினால் அது மேன்மேலும் உயர்கிறதல்லவா? அதுபோல, சுழற்சிக்கு இசைந்த அதிர்வெண்ணில் அலையைச் செலுத்தினால் துகள் அதன் ஆற்றலைப் பெற்றுக்கொள்ளும். இதுவே ஒத்ததிர்வு. இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் டோக்கமாக்கில், எலெக்ட்ரான்களுக்கு 170 கிகாஹெர்ட்ஸ் அலைகளும், அயனிகளுக்கு 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளும் திட்டமிடப்பட்டுள்ளன.

அடுத்து மின்னோட்டம். அலையைப் பிளாஸ்மா வளையத்தில் ஒரே திசையில் ஓடச்செய்தால், அது எலெக்ட்ரான்களையும் அத்திசையில் தள்ளும். அதுதானே மின்னோட்டம்! ஆனால் எந்த எலெக்ட்ரான்களைத் தள்ளுவது? வேகமானவற்றையே என்று 1978-இல் அமெரிக்க இயற்பியலாளர் நாதேனியல் ஃபிஷ் காட்டினார். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தள்ளினால் உடனே அடுத்தவர் மீது மோதி நிற்பார். வெறிச்சோடிய சாலையில் சைக்கிளைத் தள்ளினால் நெடுந்தொலைவு உருளும். வேகமான எலெக்ட்ரான்கள் அந்தச் சைக்கிள் போன்றவை. வேகம் 2 மடங்கானால் மோதல்கள் 8-இல் ஒரு பங்காகும். எனவே பெற்ற உந்துதலை அவை நெடுநேரம் காத்துக்கொள்ளும்.

பலன் என்ன? 2025 பிப்ரவரி 12 அன்று, பிரான்சிலுள்ள வெஸ்ட் டோக்கமாக்கில் 2 மெகாவாட் திறனைச் செலுத்தி, பிளாஸ்மாவை 1,337 நொடிகள், அதாவது 22 நிமிடங்களுக்கும் மேல், நிலைநிறுத்தினார்கள்.

எனினும் அலைகளை உண்டாக்கவும் மின்சாரம் செலவாகிறது. நாளைய மின் நிலையம் தான் செலவிடுவதைவிட மிகுதியாகத் தர வேண்டும். குறைந்த திறனில் அதிக மின்னோட்டம் பெறுவதே இன்று ஆராய்ச்சியாளர்கள் முன்னுள்ள வேலை.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: 170 கிகாஹெர்ட்ஸ் அலை எத்தனை டெஸ்லா புலத்தில் எலெக்ட்ரானின் சுழற்சியோடு இசையும்? விடை சுமார் 6 என்று வந்தால், நீங்கள் பாடத்தைப் புரிந்துகொண்டீர்கள்!