ஜாதி நாய் வளர்ப்பின் வரவு செலவு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என வழங்கும் நாட்டு நாய்கள் தென் ஜில்லாக்களில் நெடுங்காலமாகத் தோட்டக் காவலுக்கும் பட்டிக் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டு வந்தவை. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நாய்களின் உருவம் பொறித்து வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையம் நாயும் ஒன்று. இந்நாய்களின் குட்டிகளுக்கு நகரங்களில் கிராக்கி ஏற்பட்டிருப்பதால், குடியானவர் பலர் இதனை உபதொழிலாகக் கைக்கொள்ள விரும்பி எம்மிடம் யோசனை கேட்கின்றனர். அவர்கள் முதலில் கேட்பது குட்டியின் விலையை. தாயின் செலவைக் கேட்பார் அரியர்.

சாதாரணமாகப் போடப்படும் கணக்கு இதுதான்: ஓர் ஈற்றில் ஏழு குட்டிகள், குட்டி ஒன்று 10,000 ரூபாய், ஆக வரவு 70,000. ஈற்றுச் செலவு 25,000 போக மிச்சம் 45,000. இக்கணக்கில் இரண்டு பிழைகள் உள. பிறந்த குட்டிகள் யாவும் விலைக்கு வருவதில்லை என்பது ஒன்று. பெட்டை நாய் குட்டி போடாத காலத்திலும் உண்ணும் என்பது மற்றொன்று.

உதாரணமாக, நல்ல வமிசத்துப் பெட்டைக் குட்டியை 15,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். நாளொன்றுக்குத் தீனி 60 ரூபாய் வீதம் வருஷத்திற்கு 21,900. தடுப்பூசி, மருந்து முதலியவற்றிற்கு 3,100. ஆக வருஷச் செலவு 25,000. நாய் பன்னிரண்டு வருஷம் ஜீவித்தால் இது மூன்று லக்ஷம் ஆகும். அதன் ஆயுளில் நான்கு ஈற்று எடுப்போமாயின், ஒவ்வோர் ஈற்றுக்கும் கடுவனுக்குரிய கூலி 5,000, தாயின் அதிகப்படித் தீனி 5,000, குட்டிகளின் தீனி 7,000, பூச்சி மருந்தும் ஊசியும் 5,000, பிரசவக் கஷ்டம் நேரின் உதவ ஒதுக்கும் தொகை 3,000. நான்கு ஈற்றுக்கும் சேர்ந்து ஒரு லக்ஷம். மொத்தச் செலவு 4,15,000. இறந்தவையும் ஊனமுள்ளவையும் போக ஈற்றுக்கு ஐந்தாக இருபது குட்டிகள் விற்றால் வரவு 2,00,000. நஷ்டம் 2,15,000! குட்டி ஒன்றுக்கு 20,750 ரூபாய் கிடைத்தாலன்றிக் கைம்முதல் திரும்பாது. கொட்டகைச் செலவும் பதிவுக் கட்டணமும் ஆள் கூலியும் இதில் சேரவில்லை.

அப்படியாயின் இத்தொழிலே வேண்டாமோ எனில், அவ்வாறன்று. தென்னந்தோப்பிற்கோ ஆட்டுப்பட்டிக்கோ எப்படியும் ஒரு காவல் நாய் வைத்திருக்க வேண்டிய குடியானவர், அதன் வருஷச் செலவைக் காவல் கணக்கில் எழுதுவது நியாயமே. அவருக்கு இனவிருத்திக் கணக்கில் செலவு 1,15,000, வரவு 2,00,000, மிச்சம் 85,000. பன்னிரண்டு வருஷத்தில் பகிர்ந்தால் வருஷத்திற்கு 7,000 ரூபாய் சுமார். காவலுக்குத் தேவையின்றிக் குட்டி விற்பதற்கென்றே நாலைந்து பெட்டைகளைக் கூண்டில் அடைப்பவர், செலவை ஈடுசெய்யத் தீனியைக் குறைப்பார்; பருவத்திற்கு வருந்தோறும் இணை சேர்ப்பார்; மூப்படைந்த நாயைத் தெருவில் விடுவார். அவருடைய லாபம் நாயின் உடலிலிருந்து எடுக்கப்பட்டதேயாம்.

விலைக்கு வராத குட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்லல் அவசியம். ராஜபாளையம் நாயின் பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் மிகவும் விரும்பப்படுகின்றன. ஆனால் இந்த வெண்மையோடு பிறவிச் செவிடும் தொடர்ந்து வருவதுண்டு. ஆறாவது வாரத்தில் குட்டியைத் தனியே நிறுத்தி, அது காணாதபடி பின்னின்று கை தட்டிப் பார்க்கலாம். தரை அதிரக் கூடாது. காற்று அதன் மேல் படவும் கூடாது. அதிர்ச்சியை உணர்ந்து திரும்பும் குட்டி செவி கேட்பதாகத் தோன்றிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் அகப்படாது. அதற்குக் கருவி கொண்டு சோதிக்க வேண்டும். செவிட்டு நாய் காவலுக்கு உதவாது. அதை மறைத்து விற்பது மோசடி. கருணையுள்ள வீட்டிற்கு உண்மையைச் சொல்லி இனாமாகக் கொடுப்பதே தகும். அதனை இனவிருத்திக்கு விடலாகாது. செவிட்டுக் குட்டி ஈன்ற ஜோடியை மறுபடி இணைத்தலும் ஆகாது. மேற்கண்ட கணக்கில் ஈற்றுக்கு ஒரு குட்டி மேலும் குறைந்தால், 85,000 ரூபாயில் 40,000 போய்விடும். ஆகவே ஜோடியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தை பணமேயாகும்.

சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஈன்றபின் மூன்றாம் நான்காம் வாரங்களில் தாய்க்கு வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். குட்டிகளுக்கு இரண்டாவது வாரம் முதல் பூச்சி மருந்தும், ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசியும் அவசியம். பார்வோ என்னும் கழிச்சல் நோய் புகுந்தால் ஓர் ஈற்று முழுவதும் மடியக்கூடும். ஐந்தாம் வாரத்திலேயே குட்டியை விற்பவர், இச்செலவையும் அபாயத்தையும் வாங்குபவர் தலையில் கட்டுகின்றார்.

நாய் இனவிருத்தி, விற்பனை பற்றிய மத்திய சர்க்காரின் விதிகள் 2017-ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்டன. விற்பனைக்காக இனவிருத்தி செய்வோர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு மாதத்திற்குக் குறைந்த பெட்டையையும் எட்டு வயதைக் கடந்த பெட்டையையும் இணை சேர்க்கக் கூடாது. வருஷத்தில் ஓர் ஈற்றுக்கு மேலும், ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் எடுக்கலாகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. கிராம அதிகாரிகள் இவ்விதிகளைத் தம் ஊரில் நாய் வளர்ப்போருக்கு எடுத்துரைப்பார்களாக.

குட்டி வாங்குவோரும் ரசீது கேட்டுப் பெறுதல் நன்று. அதில் குட்டி பிறந்த தேதி, தாய் தந்தையரின் அடையாளம், போட்ட ஊசிகள், செவிச் சோதனையின் முடிவு ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் போடப்படுவதால் அது ரசீதில் இராது. அதனைத் தவறாது போட்டுக்கொள்ளும்படி விற்பவரே நினைவூட்டி, தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.